ஹலாலுக்கும் ஓர் அளவு உண்டு

 



இறைச்சியைக் குறைத்து உண்ணுங்கள் என்று எவரேனும் சொன்னால் நம்மில் பலருக்கு மனம் சுருங்குகிறது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. நம் தட்டில் இருப்பதை வைத்தே நம்மை அளப்போர் இந்நாட்டில் உண்டு. 2015ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் தாத்ரிக்கு அருகே, வீட்டில் மாட்டிறைச்சி இருப்பதாகக் கிளப்பிவிடப்பட்ட ஒரு வதந்தியால் குடும்பத் தலைவர் ஒருவர் அடித்தே கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆகவே இறைச்சியைப் பற்றிப் பேசும் குரல் எங்கிருந்து வருகிறது என்று நாம் உற்றுக் கேட்பதில் தவறில்லை.

ஆனால் அந்தக் குரல் மதீனாவிலிருந்தே வந்தால்? கறியை விரும்பி உண்ட நமது நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்தே வந்தால்? அதைக் கேட்கக் கடமைப்பட்டவர்களல்லவா நாம்? அந்தக் குரலை நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹலாலை ஹராமாக்க எவருக்கும் உரிமையில்லை

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுவோம். கால்நடைகளை அல்லாஹ் நமக்காகவே படைத்தான்; அவற்றில் கதகதப்பும் பலன்களும் உண்டு, அவற்றிலிருந்து நாம் உண்ணவும் செய்கிறோம் என்பது திருமறையின் தீர்ப்பு (16:5). அவன் ஆகுமாக்கிய தூய பொருட்களை ஆகாதவையாக்கிக் கொள்வதை அவன் தடுத்தும் இருக்கிறான் (5:87).

நபித்தோழர்களில் சிலர் வணக்கத்தில் மிஞ்ச விரும்பினர். ஒருவர் திருமணமே வேண்டாம் என்றார். ஒருவர் இனி இறைச்சி உண்ணமாட்டேன் என்றார். ஒருவர் படுக்கையில் உறங்கமாட்டேன் என்றார். செய்தி அண்ணலாரின் செவிக்கு எட்டியது. தாம் தொழுவதும் உண்டு, உறங்குவதும் உண்டு, நோன்பு நோற்பதும் விடுவதும் உண்டு, மணமுடித்து வாழ்வதும் உண்டு என்று எடுத்துரைத்து, தம்முடைய வழிமுறையைப் புறக்கணிப்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள் (முஸ்லிம்).

எனவே புலால் மறுப்பை ஒரு புண்ணியமாகக் கருதும் கொள்கைக்கு இஸ்லாத்தில் இடமில்லை. இந்த எல்லையைத் தாண்டி ஓர் எழுத்தும் இங்கே எழுதப்படவில்லை என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டுகிறேன். உண்ணலாமா என்பது இங்கே கேள்வியன்று. எவ்வளவு, எத்தனை முறை, யாருடைய செலவில் என்பதே கேள்வி.

அண்ணலாரின் இல்லத்து அடுப்பு

ஆட்டின் முன்கால் இறைச்சி அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு விருப்பமானது என்று ஹதீதுகளில் வருகிறது. அதைப் படித்த நமக்கு மற்றொரு ஹதீது மட்டும் மறந்துவிடுகிறது. இரண்டு மாதங்களில் மூன்று பிறை காண்போம், அதுவரை அண்ணலாரின் இல்லங்களில் அடுப்பு எரிந்திருக்காது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரியின் மகன் உர்வாவிடம் கூறினார்கள். பிறகு எதை உண்டு வாழ்ந்தீர்கள் என்று அவர் வினவ, பேரீச்சம்பழமும் தண்ணீருமே என்று விடையளித்தார்கள் (புகாரி, முஸ்லிம்).

தையற்காரர் ஒருவர் விருந்துக்கு அழைத்தபோது வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் சேர்ந்த ஆணமும் பரிமாறப்பட்டன. அண்ணலார் தட்டின் ஓரங்களிலிருந்து சுரைக்காயைத் தேடித் தேடி எடுத்துச் சாப்பிட்டதைக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள், அன்று முதல் தாமும் சுரைக்காயை விரும்பலானார்கள் (புகாரி, முஸ்லிம்). நம் விருந்துகளில் யாருடைய கை சுரைக்காயைத் தேடுகிறது, சொல்லுங்கள்!

இன்னொரு நாள், பசி தாங்காமல் வீட்டைவிட்டு வெளியே வந்த அண்ணலாரையும் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) இருவரையும் அன்சாரித் தோழர் ஒருவர் உபசரித்தார். பேரீச்சங்குலையை முன்வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தவரிடம், பால் கறக்கும் ஆட்டை அறுக்க வேண்டாம் என்று அண்ணலார் தடுத்தார்கள். வயிறார உண்ட பின்னர், இந்த அருட்கொடையைப் பற்றி மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம் என்றார்கள் (முஸ்லிம்). பசித்த வயிற்றுக்குக் கிடைத்த ஒரே ஒரு வேளை உணவுக்கே விசாரணை உண்டென்றால், பசிக்காத வயிற்றுக்கு நாள்தோறும் கிடைப்பதற்கு?

இதை நன்கு உணர்ந்தவர் உமர் (ரலி) அவர்கள். இறைச்சிக்கும் மதுவைப் போல ஒரு பழக்க ஈர்ப்பு உண்டு என்று அவர்கள் எச்சரித்ததாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காணப்படுகிறது. ஜாபிர் (ரலி) அவர்கள் இறைச்சி சுமந்து செல்வதைக் கண்டபோது உமர் (ரலி) கேட்டது, அது ஹலாலா ஹராமா என்றன்று. அண்டை வீட்டாருக்காகவோ உறவினருக்காகவோ தம் வயிற்றைச் சற்றுச் சுருக்கிக்கொள்ள உங்களில் எவருக்கும் மனம் வரவில்லையா என்றுதான் கேட்டார்கள்.

அண்டை வீட்டாருக்காக வயிற்றைச் சுருக்குவது! இச்சொல்லை நினைவில் வையுங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

ஓர் ஆண்டுக்கு மட்டும் வந்த தடை

ஆகுமான ஒன்றைப் பொதுநன்மைக்காகக் குறைத்துக் கொள்ளச் சொல்ல மார்க்கத்தில் முன்மாதிரி உண்டா என்று சிலர் கேட்கலாம். அதுவும் இறைச்சி விஷயத்திலேயே உண்டு!

ஓர் ஆண்டு ஈதுல் அள்ஹா வேளையில் வறுமையுற்ற கிராமவாசிகள் கூட்டமாக மதீனாவுக்கு வந்து சேர்ந்தனர். குர்பானி இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாமல் மீதியைத் தர்மம் செய்துவிட வேண்டுமென அண்ணலார் கட்டளையிட்டார்கள். அடுத்த ஆண்டு தோழர்கள் இவ்வாண்டும் அப்படித்தானா என்று கேட்டனர். சென்ற ஆண்டு மக்கள் நெருக்கடியில் இருந்தனர், அவர்களுக்கு நீங்கள் உதவ வேண்டுமென்றே அவ்வாறு சொன்னேன்; இனி உண்ணுங்கள், பிறருக்கும் கொடுங்கள், சேமித்தும் வையுங்கள் என்ற கருத்தில் பதிலளித்தார்கள் (புகாரி, முஸ்லிம்).

இந்த ஒரு நிகழ்ச்சியில் எவ்வளவு பெரிய சட்ட நுட்பம் அடங்கியிருக்கிறது பாருங்கள். அந்த ஆண்டு குர்பானி இறைச்சி ஹராமாகிவிடவில்லை. அது தூய உணவாகவே இருந்தது. ஆனால் ஊரின் நிலைமை மாறியிருந்தது. நிலைமை மாறியபோது தட்டின் அளவும் மாறியது. நெருக்கடி நீங்கியதும் அளவு பழையபடி தளர்ந்தது. தோழர்களில் எவரும், அல்லாஹ் ஆகுமாக்கியதைக் குறைக்கச் சொல்வதா என்று வாதிடவில்லை.

அப்படியானால், நாம் வாழும் இக்காலம் நெருக்கடிக் காலமா இல்லையா என்பதே நம்முன் நிற்கும் வினா.

மலையின் நிலைமை

இதை எழுதுவது போடிநாயக்கனூரிலிருந்து. ஊரின் மேற்கே எழுந்து நிற்பது ஏலமலை. விடியும் முன்பே போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஜீப்புகளில் ஏறி ஆண்களும் பெண்களும் உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். அங்கே விளையும் காய் போடியிலும் புற்றடியிலும் ஏலம் போகிறது. தமிழகத்தில் எந்த ஊரில் பிரியாணிச் சட்டியைத் திறந்தாலும் எழும் மணத்தில் இந்த மலைக்கு ஒரு பங்கு உண்டு.

ஏலச்செடி மென்மையானது. நிழல் வேண்டும், மண்ணில் ஈரம் வேண்டும், மழை அளவாகவும் காலத்தோடும் பெய்ய வேண்டும். 2024ஆம் ஆண்டுக் கோடையில் மழை பொய்த்து வெயில் மிஞ்சியபோது இடுக்கி மாவட்டத்தில் ஏலச்செடிகள் பரவலாகக் கருகின. செடி கருகினால் முதலாளிக்கு நட்டம். காய் எடுக்கப் போகும் தாய்மாருக்கோ அன்றைய உலையே இல்லை. மழை வராததும் துன்பம், ஒரேயடியாகக் கொட்டுவதும் துன்பம். 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் பெருமழையால் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பைப் புதைத்தது. மாண்டவர்கள் 70 பேர். பெரும்பாலோர் பிழைப்புக்காக மலையேறிய தமிழ்க் குடும்பத்தினர்.

நாம் தின்ற கறிதான் மலையைச் சரித்தது என்று சொன்னால் அது பொய். முஃமின் பொய் சொல்லமாட்டான். இன்ன வெயிலுக்கும் இன்ன மழைக்கும் இன்னார் காரணம் என்று விரல் நீட்ட முடியாது. ஆனால் பூமியின் வெப்பம் ஏறி வருகிறது. வெப்பமேறிய காற்று அதிக ஈரத்தைத் தாங்குகிறது. ஆகவே கடும் வறட்சியும் கொட்டும் மழையும் அடிக்கடி நேருகின்றன என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. மனிதர்களின் கரங்கள் தேடிக்கொண்டதன் காரணமாகத் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றிவிட்டதாகத் திருமறை எச்சரிக்கிறது (30:41). 2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பல நாட்டு முஸ்லிம் அறிஞர்கள் இஸ்தான்புல் நகரில் கூடிப் பருவநிலை மாற்றம் பற்றி வெளியிட்ட பிரகடனமும் இந்தப் பொறுப்பையே நமக்கு உணர்த்துகிறது.

இறைச்சிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஆடு, மாடு, எருமை, ஒட்டகம் ஆகியவை இரையை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுபவை. இவற்றின் இரைப்பையில் புல் நொதிக்கும்போது மீத்தேன் என்னும் வாயு உண்டாகிறது. ஏப்பமாக அது வெளியேறுகிறது. கரியமில வாயுவோடு எடைக்கு எடை ஒப்பிட்டால், நூறு ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தை அது பிடித்து வைக்கிறது. இத்துடன் தீவனம் விளைவிக்க நிலமும் நீரும் உரமும் செலவாகின்றன. சில நாடுகளில் மேய்ச்சலுக்கென்றே காடுகள் அழிக்கப்படுகின்றன. மனிதச் செயல்களால் வெளியாகும் வெப்ப வாயுக்களில் 100க்கு 14.5 பங்கு கால்நடை வளர்ப்பினால் வருவதாக ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2013இல் கணக்கிட்டது. அதிலும் பெரும்பகுதி மாட்டினத்தால் வருவது.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் வானில் தங்கும். மீத்தேனோ ஏறத்தாழ 12 ஆண்டுகளில் சிதைந்துவிடும். ஆகவே இன்று குறைத்தால் அதன் பலனை நாமே நம் கண்ணால் காண வழியுண்டு. திருந்துவோருக்கு அல்லாஹ் வாசலைத் திறந்தே வைத்திருக்கிறான்.

உமர் (ரலி) அவர்களின் மேய்ச்சல் நிலம்

அப்படியானால் யார் குறைப்பது? இங்கேதான் நீதி வேண்டும்.

உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில் சில மேய்ச்சல் நிலங்களைப் பொதுநன்மைக்காகப் பாதுகாத்து, ஹுனை என்ற தம் பணியாளைக் காவலுக்கு வைத்தார்கள். அவருக்கு இட்ட கட்டளை சிந்திக்கத்தக்கது. கொஞ்சம் ஒட்டகமும் கொஞ்சம் ஆடும் உள்ள ஏழைகளை உள்ளே விடுமாறும், இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளைத் தடுக்குமாறும் சொன்னார்கள். இவர்களோ சுவர்க்கத்திற்கு நன்மாராயம் பெற்ற பெரும் தோழர்கள்! ஆயினும் அவர்களின் மந்தை அழிந்தால் அவர்களுக்குத் தோட்டமும் விளைச்சலும் இருக்கின்றன. ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு தம்மிடம் வந்து நிற்பான் என்று காரணமும் சொன்னார்கள் (புகாரி).

நிலம் தாங்கும் அளவு ஒன்று உண்டு. அந்த அளவு குறையும்போது முதலில் ஒதுங்க வேண்டியவன் உள்ளவனே தவிர இல்லாதவன் அல்லன். நமது மலையடிவாரத்தில் மலைமாடு வைத்துக் கிடை போட்டுப் பிழைப்போர் இருக்கிறார்கள். சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மேய்ச்சலுக்கு 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்த பிறகு, அவர்களின் பாடு மேலும் திண்டாட்டமாகியிருக்கிறது. காட்டைக் காப்பது அவசியமே. ஆனால் காக்கும் பாரம் முழுவதும் ஏழை ஒருவன் தலையிலேயே இறங்கலாகாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கால் கிலோ வாங்கி ஆறு பேர் பகிர்ந்து உண்ணும் தோட்டத் தொழிலாளியைப் பார்த்து நாம் பேசவில்லை. அவருடைய குழந்தைக்கு அந்தக் கறி இன்னும் கொஞ்சம் கிடைக்க வேண்டும் என்றே துஆச் செய்கிறோம். காலையில் ஈரல், பகலில் பிரியாணி, இரவில் சுக்கா என்று வாரத்தில் ஐந்து நாள் உண்போரை நோக்கியே இந்தப் பேச்சு.

சில கேள்விகள்

அமெரிக்கர்கள் அல்லவா அதிகம் தின்கிறார்கள் என்பர் சிலர். உண்மைதான். அங்கே ஒருவருக்கு ஆண்டில் 100 கிலோவுக்கும் மேல். நம் நாட்டில் சராசரியாக 10 கிலோவுக்கும் குறைவு. ஆனால் மறுமையில் அமெரிக்கரின் தட்டைப் பற்றி அவரிடம் கேட்கப்படும். நம் தட்டைப் பற்றி நம்மிடம்தான் கேட்கப்படும்.

அப்படியென்றால் புலால் உண்ணாதவர்களே சரி என்றாகிவிடாதா என்பர் வேறு சிலர். ஆகாது. 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் 19 கோடிக்கு மேல்; எருமைகள் ஏறத்தாழ 11 கோடி. இவை பெரும்பாலும் பாலுக்கும் உழைப்புக்கும் வளர்க்கப்படுபவை. தயிரும் நெய்யும் உண்பவர் அந்த ஏப்பத்தில் தமக்குப் பங்கில்லை என்று கைகழுவ முடியாது. எனவே இது முஸ்லிமுக்கும் மற்றவருக்கும் இடையிலான வழக்கன்று. தராசை நிறுத்தி, அதன் அளவில் மீறாதீர்கள் என்று படைத்தவன் எல்லோருக்குமாக இட்ட கட்டளையே (55:7-9) இங்கே பேசுகிறது.

ஜீப்பின் புகையும் விமானத்தின் புகையும் இல்லையா என்றும் கேட்கலாம். உண்டு. அவற்றையும் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் நம்மில் பலர் விமானம் ஏறுவது ஆயுளில் ஒருமுறை, உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ. அடுப்போ நாள்தோறும் எரிகிறது.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று: குர்பானி வாஜிபானவர்கள் குர்பானியை விடலாகாது. அது வணக்கம். அதில் அல்லாஹ்வைச் சென்றடைவது மாமிசமோ இரத்தமோ அன்று, நமது இறையச்சமே என்பது மறைவாக்கின் கருத்து (22:37). குளிர்பதனப் பெட்டியில் மாதக்கணக்கில் அடைத்து வைப்பதற்குப் பதிலாக, கறிக்கு ஏங்கும் வீடுகளுக்கு அதிகம் அனுப்புங்கள்.

இரண்டு: வலீமா சுன்னத்து. ஆனால் கறி மலைபோல் குவிய வேண்டும் என்பது சுன்னத்தன்று. அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவில் ஆட்டிறைச்சி இருந்தது. அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமாவிலோ ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. பேரீச்சம்பழம், பாலாடைக்கட்டி, நெய் ஆகியவற்றைத் தோல் விரிப்பில் பரப்பி விருந்து முடிந்தது (புகாரி). இரண்டும் சுன்னத்தே! ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாயைத் தாண்டிவிட்ட இந்நாளில், பெண்ணைப் பெற்ற தகப்பன் கடன் வாங்கிப் போடும் விருந்தில் பாதிக் கறி எச்சிலையோடு குப்பைக்குப் போவதைக் காண நெஞ்சு பொறுக்கவில்லை. ஜமாஅத்துகள் கூடி, கல்யாணத்துக்கு ஒரு கறி வகை போதும் என்று முடிவெடுத்தால் ஏழைக் குமர்களின் தகப்பன்மார் கைதூக்கி துஆச் செய்வார்கள்.

மூன்று: ஆணம் காய்ச்சினால் நீரை அதிகமாக்கி அண்டை வீட்டாரைக் கவனித்துக்கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு அண்ணலார் உபதேசித்தார்கள் (முஸ்லிம்). நம் வீட்டுப் பெண்மக்களுக்கு இந்தக் கலை தெரியாததன்று. கொஞ்சம் எலும்பும் கறியும் போட்டு, பருப்பும் கத்தரிக்காயும் மாங்காயும் சேர்த்துக் கொதிக்கும் தால்ச்சா வேறென்ன? ஒரு கிலோ எடுக்கும் இடத்தில் அரைக் கிலோ. மீதிக்கு மொச்சையோ முருங்கைக்காயோ சுரைக்காயோ. ருசியும் குறையாது, பரக்கத்தும் குறையாது.

நான்கு: வாரத்தில் கறி எடுக்கும் நாட்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். ஜும்ஆ நாளும் இன்னொரு நாளும் போதும் என்று ஒரு குடும்பம் முடிவு செய்யட்டும். நபிவழியில் திங்களும் வியாழனும் நோன்பு வைப்போர், திறக்கும்போது கஞ்சியோடும் பேரீச்சம்பழத்தோடும் நிறுத்திப் பழகட்டும். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற அளவு (திர்மிதீ) தானாகவே கைகூடும்.

ஐந்து: அறுத்த உயிரின் எந்தப் பகுதியையும் வீணாக்காதீர்கள். கழிவைக் கொட்டகுடி ஆற்றிலும் ஓடையிலும் எறியாதீர்கள்; குழி தோண்டிப் புதையுங்கள். அந்த ஆறு வைகையில் சேர்கிறது. கீழே அந்த நீரைக் குடிப்பவரும் நம் அண்டை வீட்டாரே.

அன்புச் சகோதரர்களே! அண்டை வீட்டார் என்றால் சுவருக்கு அப்பால் இருப்பவர் மட்டும் என்று நினைத்துவிட்டோம். மலைமேல் தகரக் கூரையின் கீழ் மழைச் சத்தம் கேட்டு உறக்கமின்றி விழித்திருக்கும் தாயும், செடி கருகியதால் வேலையின்றி ஜீப்பிலிருந்து இறங்கி நிற்கும் சகோதரியும் நம் அண்டை வீட்டார்தாம். இனிப் பிறக்கவிருக்கும் நம் பேரப்பிள்ளைகளும் காலத்தால் நமக்கு அண்டை வீட்டாரே. அவர்களுக்காக வயிற்றைச் சற்றுச் சுருக்கிக்கொள்ள உங்களில் எவருக்கும் மனம் வரவில்லையா என்று உமர் (ரலி) அவர்கள் இன்று நம்மிடம் கேட்டால், நாம் என்ன பதில் சொல்வோம்?

ஹலாலை ஹலாலாகவே அறிந்து, அதை அளவோடு உண்டு, அதற்கு நன்றி செலுத்தி, மிஞ்சியதை இல்லாதவருக்கு ஈந்து வாழும் நல்லடியார்களாக எல்லாம் வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! நமது மலைகளையும் ஆறுகளையும், அவற்றை நம்பி வாழும் மக்களையும் எல்லா ஆபத்துகளிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!